நியூ இயர் ரெசல்யூஷனுக்குப் பதில் ஒரே ஒரு சொல்: வேலைக்கு ஆகுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் 69 செ.மீ. சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனைத் தாண்ட முடியாமல் வெள்ளத்துக்கு நடுவே நின்றது. சரியாக இரண்டு வாரத்தில் புத்தாண்டு பிறந்தது.

அந்த ஜனவரி 1-ம் தேதி, இந்தப் பக்கத்துல இருந்த ஒருத்தர் "இந்த வருஷம் மாசம் பத்தாயிரம் சேமிப்பேன்"னு சபதம் எடுத்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? சேமிப்பே போயிடுச்சு. பைக் தண்ணிக்குள்ள. திட்டம் போட்டவர் மேல தப்பு இல்லை. வருஷம் திட்டத்துக்குள்ள அடங்கலை.

புத்தாண்டுச் சபதங்களுக்குப் பதிலாக ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வருஷம் முழுக்க அதைப் பிடித்து நடக்கும் பழக்கம், இந்த இடத்தில்தான் யோசிக்க வைக்கிறது. இன்ஸ்டாகிராமில் டிசம்பர் கடைசி வாரம் 'வேர்ட் ஆஃப் தி இயர்' என்று ஓடும் போஸ்ட்களைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் வெளிநாட்டு ஃபேஷன் மாதிரி இருக்கும். ஆனால் திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலை போன்ற முத்துக்குளித்துறைக் கடலோர ஊர்களில் இருந்து பார்த்தால், இது அவ்வளவு புதுசு இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் வருஷா வருஷம் அறிவிக்கிறார்களே, 2024-க்கு 'பிரெயின் ராட்' என்றார்களே, அது வேறு. அது முடிந்த வருஷத்தைத் திரும்பிப் பார்த்து வைக்கும் பெயர். நாம் பேசுவது வரப்போகும் வருஷத்துக்கு, தனக்குத் தானே எடுத்துக்கொள்ளும் சொல்.

எங்கிருந்து வந்தது இந்த டிரெண்ட்?

அமெரிக்காவில் அலி எட்வர்ட்ஸ் என்பவர் 2006-ல் இருந்து 'ஒன் லிட்டில் வேர்ட்' என்ற பெயரில் இதைப் பரப்பி வருகிறார். பிறகு இதற்கென்றே புத்தகங்கள் வந்தன. மெலிண்டா கேட்ஸும் சபதம் எடுப்பதில்லை, ஒரு சொல்தான் எடுப்பேன் என்று எழுதியிருக்கிறார். மென்மை, விசாலம், அருள் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை அவர் வெவ்வேறு வருஷங்களில் எடுத்திருக்கிறார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். டிசம்பர் 31 ராத்திரி தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் சி.எஸ்.ஐ. சபைகளுக்கும் பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் போனவர்களுக்கு 'வாக்குத்தத்த வசனம்' தெரிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் சின்ன அட்டை ஒன்று கைக்கு வரும். அதில் ஒரு பைபிள் வசனம். அதுதான் அந்த வருஷத்துக்கு உங்களுக்கானது. பைபிளுக்குள், பர்ஸுக்குள், இப்போது போன் கவருக்குள் அது வருஷம் முழுக்க இருக்கும். ஜனவரி 1 காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முதலில் ஏறுவதும் அதுவே. ஆலந்தலை கத்தோலிக்க ஊர். கத்தோலிக்கக் கோயில்கள் சிலவற்றிலும் நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிறகு இப்படி இறைவசன அட்டை எடுக்கும் வழக்கம் உண்டு.

இதற்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவிய சபையார் 1731-ல் இருந்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்துப் புத்தகமாக அச்சிடுகிறார்கள். இன்றுவரை நிற்கவில்லை. (இந்த மொராவியர்கள் 1760-ல் நம்ம தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள் என்பது உபரித் தகவல்.) 1930-ல் இருந்து ஜெர்மன் சபைகளுக்கு வருஷத்துக்கும் ஒரு வசனம் உண்டு. அதைச் சில ஆண்டுகளுக்கு முன்பே தேர்ந்தெடுத்து வைத்துவிடுவார்கள். போலந்தில் புனித ஃபவுஸ்தினா இருந்த மடத்தில் புத்தாண்டு அன்று அந்த வருஷத்துக்கான பாதுகாவலரைச் சீட்டெடுத்துத் தெரிந்துகொள்வார்கள்; தன் நாட்குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

சைவத்திலும் இருக்கிறது. திருமுறைச் சுவடியில் 'கயிறு சாத்திப் பார்ப்பது' என்பார்கள். கயிறு எந்த ஏட்டில் விழுகிறதோ அந்தப் பாட்டுதான் பதில். பிள்ளை இல்லாத அச்சுதகளப்பாளருக்கு இப்படிக் கயிறு சாத்தியதில் சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது, அங்கே போய் வழிபட்டபின் பிறந்தவர்தான் மெய்கண்டார் என்பது சைவ மரபு சொல்லும் வரலாறு.

எடுப்பதும் வருவதும்

இந்த வழக்கங்களுக்கும் இன்ஸ்டாகிராம் டிரெண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே சொல் உங்களுக்கு *வருகிறது*. இங்கே நீங்கள் *எடுக்கிறீர்கள்*.

சின்ன விஷயம் மாதிரி தோன்றும். ஆனால் சீட்டில் வருவது உங்களுக்குப் பிடிக்காததாகக்கூட இருக்கலாம். 'ஆசீர்வாதம்' எதிர்பார்த்தவருக்கு 'மன்னியுங்கள்' வந்து விழும். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் அது கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும், அதுதானே வேலை. நாமாக எடுக்கும்போது பெரும்பாலும் நமக்கு ஏற்கெனவே பிடித்ததையே எடுக்கிறோம். வேலையே கதியாகக் கிடப்பவர் 'ஹஸல்' என்று எடுப்பார். எல்லாத்தையும் தள்ளிப்போடுகிறவர் 'அமைதி' என்று எடுப்பார். அழகாக இருக்கும், வால்பேப்பராக வைக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே நீங்களே எடுப்பதாக இருந்தாலும் அந்தச் சீட்டுக் குணத்தைக் கொஞ்சம் கடன் வாங்கலாம். உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், அம்மாவோ நண்பரோ, "எனக்கு ஒரு சொல் சொல்லுங்க"ன்னு கேட்டுப் பாருங்கள். கேட்டதும் லேசாகக் கோபம் வந்தால் அது சரியான சொல்லாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சபதம் ஏன் உடைகிறது?

அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் நார்கிராஸும் உடன் ஆய்வாளரும் 1980-களில் சபதம் எடுத்த 200 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 77 சதவீதம். இரண்டு வருஷம் கழித்து 19 சதவீதம். அதற்காகச் சபதமே வீண் என்று முடிவு கட்டவும் முடியாது. அதே நார்கிராஸ் 2002-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், மாற வேண்டும் என்ற ஆசை இருந்தும் சபதம் எடுக்காதவர்களில் ஆறு மாதத்தில் ஜெயித்தவர்கள் 4 சதவீதம்தான். சபதம் எடுத்தவர்களில் 46 சதவீதம்.

ஸ்வீடனில் 1,066 பேரிடம் நடந்து 2020-ல் வெளிவந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. 'இதை விடுவேன்' என்றவர்களில் 47 சதவீதம் பேர் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். 'இதைச் செய்வேன்' என்றவர்களில் 59 சதவீதம். அதாவது, எதிலிருந்து ஓடுகிறோம் என்பதைவிட எதை நோக்கிப் போகிறோம் என்று வைத்துக்கொள்வது கைகொடுக்கிறது. வழிகாட்டும் சொல்லுக்குச் சாதகமான புள்ளி இது. ஏனென்றால் நல்ல சொல் எப்போதும் ஒரு திசையைத்தான் காட்டும்.

கடல் தொழிலில் இது இன்னும் தெளிவாகப் புரியும். வள்ளத்தில் போகிறவர் 'இந்த வருஷம் இவ்வளவு மீன்' என்று இலக்கு வைக்க முடியாது. காற்று, நீரோட்டம், டீசல் விலை, ஏலத்தில் மீனுக்குக் கிடைக்கும் விலை என எதுவும் அவர் கையில் இல்லை. வலையைச் சரியாக வைத்திருப்பதும், காற்று மாறும்போது கிளம்பி வருவதும், கூட வருகிறவர்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பதும்தான் அவர் கையில் இருப்பவை. ஐ.டி. கம்பெனியில் அப்ரைசலுக்குக் காத்திருப்பவர் நிலைமையும் இதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. 'இந்த வருஷம் புரமோஷன்' என்பது சபதமே கிடையாது, ஆசை. முடிவு இன்னொருவர் கையில்.

1544, ஆலந்தலையிலிருந்து ஒரு கடிதம்

சொல் மட்டும் போதுமா என்றால், போதாது. இதற்கு ஆலந்தலையே நல்ல உதாரணம் வைத்திருக்கிறது.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் இந்தக் கடற்கரைக்கு வந்தார். 1544 செப்டம்பர் 5-ம் தேதி ஆலந்தலையிலிருந்து, புன்னைக்காயலில் இருந்த தன் துணைவர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. தூத்துக்குடியில் வடுகர் படை தாக்கியதில் போர்த்துகீசியத் தளபதியின் கப்பல் எரிந்து, அவரும் மக்களும் தீவுகளுக்கு ஓடிவிட்டார்கள் என்ற செய்தி சவேரியாருக்கு வந்திருந்தது. அந்தத் தளபதிக்கும் சவேரியாருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்வது.

சவேரியாரின் வழிகாட்டும் சொல் 'அன்பு' என்று வைத்துக்கொண்டால், அதைப் பற்றி அவர் பிரசங்கம் எழுதி அனுப்பியிருக்கலாம். கடிதத்தில் இருப்பது வேறு: உடனே புன்னைக்காயல் ஆட்களோடு தோணிகளை எடுத்துக்கொண்டு போ, தண்ணீர் ஏற்றிக்கொண்டு போ. யார் போக வேண்டும், எதில், என்ன கொண்டு, எங்கே. எல்லாம் வேலை.

இன்றைய உளவியலில் இதற்குக் கிட்டத்தட்டச் சொந்தமான ஒரு உத்தி இருக்கிறது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் விரிவாக எழுதியது: 'இப்படி நடந்தால், இப்படிச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது. உங்கள் சொல் 'நிதானம்' என்றால், "மேனேஜர் மெயில் பார்த்துக் கோபம் வந்தால், பத்து நிமிஷம் கழித்துத்தான் பதில்" என்று ஒரு முடிச்சு. 'வீடு' என்றால், "சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போன், வீடியோ கால்தான்" என்று இன்னொன்று. ஒரு சொல்லுக்கு இரண்டு முடிச்சு போதும். பத்து போட்டால் பழைய சபத லிஸ்ட் திரும்ப வந்துவிடும்.

எந்தச் சொல்?

தமிழில் எடுப்பவர்களுக்கு ஒரு வசதி. 'கேள்' என்று எடுத்துப் பாருங்கள். கேள்வி கேட்பதும் அதுதான், காது கொடுத்துக் கேட்பதும் அதுதான். மீட்டிங்கில் வாயே திறக்காதவருக்கும் அது பொருந்தும், வாயை மூடாதவருக்கும் பொருந்தும். இந்தக் கடற்கரையில் 'பாடு' என்றால் அன்றைக்கு வலையில் கிடைத்தது, கஷ்டமும் பாடுதான், தவக்காலத்தில் தியானிக்கும் இயேசுவின் துன்பமும் பாடுகள்தான். ஆங்கிலத்தில் இப்படி ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல் நல்லது என்பது அனுபவத்தில் தெரியும் விஷயம். 'ஆரோக்கியம்' சும்மா உட்கார்ந்திருக்கும். 'நட' எழுந்து நிற்கும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் சொல் உதவாது. சர்க்கரை அளவு இவ்வளவுக்குக் கீழ் வரணும்னு டாக்டர் சொல்லியிருந்தால், கிரெடிட் கார்டு பாக்கி மாசா மாசம் வட்டி போட்டு ஏறிக்கொண்டிருந்தால், குடியை நிறுத்த வேண்டிய கட்டாயம் இருந்தால், தயவுசெய்து சொல் எடுக்காதீர்கள். அங்கே எண் வேண்டும், தேதி வேண்டும், சில சமயம் மருத்துவர் வேண்டும். சொல்லுக்கு இருக்கும் பெரிய ஆபத்தே அது தோற்காது என்பதுதான். 'நிதானம்' எடுத்தவர் டிசம்பரில் தோற்றேன் என்று சொல்லவே முடியாது. மனசுக்கு இதம், கணக்குக்கு உதவாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கடல் அரிப்பு இந்தப் பகுதியின் தீராத தலைவலி. 2023-ல் திருச்செந்தூரை ஒட்டிய அமலிநகர் மீனவர்கள், தூண்டில் வளைவு கேட்டுக் கடலுக்குப் போகாமல் போராடினார்கள். கரை கரைந்துகொண்டிருக்கும்போது அவர்கள் 'பொறுமை' என்று எடுத்திருந்தால் அது யாருக்கு வசதி? தனி மனிதரின் சொல்லால் தீராத பிரச்சினையை மனசுக்குள் மட்டும் தீர்த்துக்கொள்ளச் சொல்வது, இந்த டிரெண்டில் அதிகம் யாரும் பேசாத பக்கம். ஆபீசிலும் இதேதான். ஆறு பேர் வேலையை மூன்று பேர் பார்க்கும் டீமில் 'சமநிலை' என்று சொல் எடுத்து என்ன பயன்? அங்கே எடுக்க வேண்டியது 'கேள்'தான், முதல் அர்த்தத்தில்.

ஜனவரி 1-ஐ விட்டுட்டா?

ஒன்றும் ஆகாது. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மேன், ஜேசன் ரிஸ் ஆகிய மூவர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், புத்தாண்டு மட்டுமல்ல, மாதத்தின் தொடக்கம், வாரத்தின் தொடக்கம், பிறந்தநாள் என எந்தப் புதுத் தொடக்கமும் மக்களைக் கொஞ்சம் உந்துகிறது என்று கண்டார்கள். நமக்குத் தை 1 இருக்கிறது, சித்திரை 1 இருக்கிறது, கத்தோலிக்கர்களுக்குத் திருநீற்றுப் புதன் இருக்கிறது. தூத்துக்குடி விசைப்படகுக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, வலை பின்னி வைத்திருப்பார்கள். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது.