பெட்டியில் 60 மடங்கு, கையில் எத்தனை? கத்தியின் கூர் பார்க்க லென்ஸ் வாங்குவோர் கவனத்துக்கு

இணையக் கடையில் ‘லூப்’ என்று தேடினால் 30 மடங்கு, 60 மடங்கு, 90 மடங்கு என்று லென்ஸ்கள் வரிசைகட்டி வரும். விலை சில நூறு ரூபாய்தான். வீட்டில் சாணைக்கல் வைத்துக் கத்தி தீட்டுபவர், ஓட்டல் சமையற்காரர், கத்திரிக்கோலைத் தானே தீட்டிக்கொள்ளும் தையற்காரர் என யாராக இருந்தாலும், எண் பெரிதாக இருந்தால் கூர் நன்றாகத் தெரியும் என்று நம்பி அதையே வாங்குகிறார்கள். அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். மலிவு லென்ஸ்கள் பலவற்றில் அது உண்மைக்கு வெகுதூரத்தில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், பள்ளிப்பிள்ளையின் ஸ்கேல் ஒன்று போதும்.

சாதாரணக் கண் ஒரு பொருளைச் சிரமமில்லாமல் பார்க்கும் தூரம் 25 சென்டிமீட்டர், அதாவது 250 மில்லிமீட்டர் என்று கணக்கு. லென்ஸின் குவியத்தூரத்தால் 250-ஐ வகுத்தால் அது எத்தனை மடங்கு பெருக்கும் என்பது கிடைத்துவிடும். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, ஸ்கேலை மெல்ல அதன் அருகே கொண்டுவாருங்கள். மில்லிமீட்டர் கோடுகள் பளிச்சென்று தெரியும் இடத்தில் நிறுத்திவிட்டு, லென்ஸுக்கும் ஸ்கேலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று வீட்டில் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளிதான் குவியத்தூரம். 25 மில்லிமீட்டர் வந்தால் அது 10 மடங்கு லென்ஸ். உண்மையான 30 மடங்கு லென்ஸ் என்றால் இடைவெளி 8 மில்லிமீட்டரைத்தான் ஒட்டி வரும். 60 மடங்கு என்றால் நாலே மில்லிமீட்டர். பெட்டியில் 30 என்று போட்டிருக்கும் லென்ஸ் 25 மில்லிமீட்டரிலேயே தெளிவாகக் காட்டுகிறதென்றால், விற்றவர் உங்களிடம் மூன்று மடங்காகக் கூட்டிச் சொல்லியிருக்கிறார்.

வாங்கும் முன்பே கண்டுகொள்ளவும் வழி உண்டு. ‘30 மடங்கு, 21 மி.மீ.’ என்று விளம்பரம் சொல்லும். 21 மி.மீ. என்பது கண்ணாடியின் விட்டம். குவியத்தூரம் 8 மி.மீ. மட்டுமே உள்ள ஒற்றை லென்ஸை அவ்வளவு அகலமாகச் செய்து, அதில் தெளிவான பிம்பமும் வரவைப்பது நடைமுறையில் ஆகாது. பெருக்கம் கூடக்கூட லென்ஸ் சின்னதாகத்தான் ஆக வேண்டும். அகலமான கண்ணாடியும் பெரிய எண்ணும் ஒரே படத்தில் இருந்தாலே சந்தேகப்படுங்கள்.

இரண்டு லென்ஸ் வைத்த பாக்கெட் மைக்ரோஸ்கோப்புக்கு இந்த அளவை பொருந்தாது. அதற்கு இரண்டு கண்ணையும் பயன்படுத்த வேண்டும். ஒரு கண்ணால் மைக்ரோஸ்கோப் வழியே ஒரு ஸ்கேலைப் பாருங்கள், மற்றக் கண்ணால் 25 செ.மீ. தள்ளி வைத்த இன்னொரு ஸ்கேலைப் பாருங்கள். சற்றுப் பழகியதும் இரண்டு பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். உள்ளே தெரியும் ஒரு மில்லிமீட்டர், வெளியே உள்ள ஸ்கேலில் எத்தனை மில்லிமீட்டரை அடைக்கிறதோ அதுவே பெருக்கம். கணினியில் மாட்டும் யுஎஸ்பி மைக்ரோஸ்கோப்பில் ‘1000 மடங்கு’ என்று போட்டிருப்பதைப் பொருட்படுத்தவே வேண்டாம். திரை பெரிதானால் அந்த எண்ணும் பெரிதாகும், ஆனால் கேமரா பதிவு செய்யாத நுணுக்கம் எதுவும் அதனால் கூடுதலாகத் தெரிந்துவிடாது.

சரி, கத்திக்கு எவ்வளவுதான் வேண்டும்? வெறும் கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரைதான் பிரித்துத் தெரியும். நன்றாகத் தீட்டிய சமையல் கத்தியின் கூர்முனைப் பருமனோ ஒரு மைக்ரான் அளவில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். சவர பிளேடு அதையும்விட மெல்லியது. ஆய்வகத்தில் உள்ள நல்ல ஒளி நுண்ணோக்கியாலேயே ஏறத்தாழ 0.2 மைக்ரானுக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. ஆக, எந்தப் பாக்கெட் லென்ஸும் கூரைக் காட்டாது. கூர் இல்லாத இடத்தைத்தான் காட்டும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

கத்தியை மேசையில் ஏதாவது பிடிமானத்தில், கூர் மேலே பார்க்கும்படி நிறுத்தி, ஒற்றை விளக்கின் ஒளி நேராக அதன்மேல் விழும்படி வையுங்கள். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கூர் ஏறிய இடத்தில் ஒளி திரும்பிவர முகமே இல்லாததால் அங்கே எதுவும் மின்னாது. மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளிக்கோடாக மின்னும். வாய் உடைந்த இடம் ஒரு புள்ளியாகப் பளிச்சிடும். கத்தியைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்தால் சாணைக்கல் போட்ட கோடுகள் தெரியவரும். அந்தக் கோடுகள் விளிம்பின் கடைசி வரை போய்ச் சேர்ந்திருக்கின்றனவா, பாதியிலேயே நின்றுவிட்டனவா என்று பாருங்கள். நின்றிருந்தால் நீங்கள் பிடித்த கோணம் கூரைத் தொடவேயில்லை. தீட்டுவதற்கு முன் விளிம்பின் சரிவில் மார்க்கர் பேனாவால் பூசிக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். கல் பட்ட இடத்தில் மை போயிருக்கும், படாத இடத்தில் அப்படியே இருக்கும். பிசிறும் இதே லென்ஸில் பிடிபடும். தீட்டும்போது விளிம்பில் ஒரு பக்கமாகச் சுருண்டு நிற்கும் உலோக இழைதான் பிசிறு. விரலுக்குக் கத்தி கூராகிவிட்டது போலத் தோன்றவைத்து, நாலு தக்காளி அரிந்ததும் மடங்கிப்போய் ஏமாற்றுவதும் அதுவே.

இவ்வளவுக்கும் உண்மையான 10 மடங்கு போதும். வைரத்தின் தூய்மையைத் தரம்பிரிக்க உலகெங்கும் வைத்திருக்கும் அளவும் 10 மடங்குதான். வாங்கும்போது எண்ணைப் பார்ப்பதைவிட, மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த ‘ட்ரிப்ளெட்’ வகையா என்று கேளுங்கள். அதில் ஓரத்துக் கோடுகள் வளையாது, நிறம் பிரியாது. கிராஃப் தாளை வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: கட்டங்கள் ஓரத்தில் வளைந்து, கோடுகளின் பக்கத்தில் நீலமும் மஞ்சளும் கசிந்தால் அது சாதாரண ஒற்றை லென்ஸ். நகைத்தொழில் சாமான்கள் விற்கும் கடையில் கேட்டால் கையில் கொடுத்துப் பார்க்க விடுவார்கள். இணையத்தில் அந்த வசதி இல்லை. நூல் எண்ணப் பயன்படும் மடக்குக் கண்ணாடி, ஜவுளிக்காரர்கள் பிக் கிளாஸ் என்பார்களே அதுவும், கத்திக்கு நல்ல துணை. பெருக்கம் குறைவுதான். ஆனாலும் அது தன் காலிலேயே நிற்பதால், படுக்கவைத்த கத்தியின்மேல் வைத்துவிட்டால் கை நடுக்கம் என்ற தொல்லையே இல்லை. வயதானவர்களுக்கு என் பரிந்துரை தலையில் மாட்டும் லென்ஸ்தான். இரண்டு, மூன்று மடங்கே பெருக்கினாலும் கத்தியை முகத்திலிருந்து தள்ளியே வைத்துப் பார்க்கலாம், இரண்டு கையும் வேலைக்கு இருக்கும். பிசிறை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மட்டும் அடிப்பாகம் பொருளின்மேல் உட்காரும் பாக்கெட் மைக்ரோஸ்கோப்புக்குப் போகலாம். 40 மடங்குக்கு மேல் கையில் பிடித்துப் பார்ப்பது ஆகாத காரியம், மூச்சு விட்டாலே பிம்பம் ஓடிவிடும்.

கத்தியை முகத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்று சொன்னதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 10 மடங்கு லென்ஸில் கண் லென்ஸை ஒட்டியும், கத்தி அதிலிருந்து 25 மி.மீ. தூரத்திலும் இருந்தால்தான் தெளிவு வரும். அதாவது தீட்டிய கத்திக்கும் உங்கள் விழிக்கும் நடுவே இரண்டு விரற்கிடை கூட இருக்காது. பின்னாலிருந்து ஒரு குழந்தை ஓடிவந்து தோளில் இடித்தால் போதும். கத்தியைக் கையில் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. கத்தி மேசையில் அசையாமல் இருக்கட்டும், முனை உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம், லென்ஸும் நீங்களும் கத்தியிடம் குனியுங்கள். இன்னும் நல்லது, செல்போன் கேமராவை லென்ஸின் மேல் வைத்துப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது. அரிவாள்மனையின் கூர் எப்போதும் மேல் நோக்கியே நிற்பதால், அதன்மேல் முகத்தைக் கவிழ்த்துப் பார்ப்பதை அறவே விட்டுவிட்டுப் படமெடுத்தே பார்க்க வேண்டும்.

பார்த்து முடித்த கத்தியைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே காய் நறுக்குங்கள். பிசிறின் துணுக்கும் கல்லின் பொடியும் உணவில் சேரக் கூடாது. லென்ஸை வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால் காகிதமோ துணியோ பற்றிக்கொள்ளும், உறையில் மூடியே வையுங்கள். பாக்கெட் மைக்ரோஸ்கோப் சிலவற்றில் ரூபாய் நோட்டுப் பார்ப்பதற்கென்று புற ஊதா விளக்கு ஒன்று சேர்ந்தே வரும். அதைக் கண்ணுக்கு நேரே எரியவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது விளக்கு வைத்த லென்ஸ்களில் உள்ள பொத்தான் பேட்டரி. மலிவு லென்ஸ்களில் அதன் மூடியை நகத்தாலேயே தள்ளிக் கழற்றிவிடலாம். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், குறிப்பாக 20 மி.மீ. அகல லித்தியம் பேட்டரியானால், இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். உயிரே போகலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், வெளியே வரட்டும் என்று காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள். திருகாணி போட்ட மூடி இல்லாத லென்ஸைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வாங்கவே வேண்டாம்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் என்ன செய்வது? முந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு யார் அலைவது என்று விட்டுவிடுகிறோம். இந்த வியாபாரம் பிழைத்திருப்பதே அந்த அலுப்பால்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, ஒரு பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. விலை குறைவு என்பதற்காக அது நியாயமாகிவிடாது. இணையத்தில் வாங்கியிருந்தால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் உங்களுக்குத் துணை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் மறுக்க முடியாது. நாங்கள் வெறும் தளம்தான் என்று இணையக் கடை கைகழுவினால், விற்றவரின் பெயரும் முகவரியும் கேளுங்கள், தர வேண்டியது அதன் கடமை. அதன் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

புகாருக்கு உயிர் கொடுப்பது ஆதாரம். ‘60 மடங்கு’ என்று போட்ட விற்பனைப் பக்கத்தைப் பொருள் வந்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பிறகு அந்த வரி மாறிவிடலாம். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். லென்ஸையும் ஸ்கேலையும் பக்கத்தில் வைத்து, இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும்படி ஒரு படம் எடுங்கள். கணக்கை இரண்டே வரியில் எழுதுங்கள்: இடைவெளி 25 மி.மீ., 250-ஐ 25-ஆல் வகுத்தால் 10, விளம்பரம் சொன்னது 60. படித்த எவருக்கும் இது புரியும்.

விற்றவர் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் பதிவு செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். பொருளைச் சோதித்துத்தான் குறையைச் சொல்ல முடியும் என்றால், ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடமுண்டு.

ஒரே பொய் விளம்பரத்தில் பலர் ஏமாந்திருந்தால், மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ புகார் தரலாம். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரை அந்த ஆணையம் அபராதம் விதிக்கலாம். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உற்பத்தியான நாடு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் எண் எதுவுமே இல்லாமல் வெறும் வெள்ளை அட்டையாக வந்தால் அதுவே தனிக் குற்றம். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் இவற்றை அச்சிடச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு.

காசு கொடுத்துக் கடையில் சாணை பிடித்த கத்திக்கும் இதே சட்டம் பொருந்தும், பிடித்த விதத்தில் கத்தி கெட்டால் அது சேவைக் குறைபாடு. வேகமான சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் எஃகு சூடேறி 200 டிகிரிக்கு மேல் பழுப்பாகவும், 300-ஐ நெருங்கும்போது நீலமாகவும் நிறம் மாறும். அந்த நீலம் விளிம்பில் மயிரிழையாக ஓடினாலும் லென்ஸில் தப்பாது. அங்கே எஃகு பதம் இழந்து மெத்தென்று ஆகிவிட்டது, எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. வாசலுக்கு வந்து சைக்கிள் மிதித்துச் சாணை பிடிப்பவரிடம் வழக்கைப் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுக்க மிதித்துச் சில நூறு ரூபாய் பார்ப்பவர் அவர். “அண்ணே, தண்ணி தொட்டுத் தொட்டு மெதுவாப் பிடிங்க” என்று முதலிலேயே சொல்லுங்கள். பிடித்து முடித்ததும் லென்ஸை அவரிடமே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீலம் ஏறிய இடத்தை அவரே தண்ணீர்க்கல்லில் மெல்லத் தேய்த்து, அடியில் பதம் குலையாத எஃகு வரும்வரை எடுத்துத் தந்துவிடலாம்.