நிலத்தோற்றக் கலைஞரைத் தெரிவுசெய்தல்

தேக்கா என்னும் பெயர் மூங்கிலிலிருந்து பிறந்தது. ஹொக்கியன் வழக்கில் அது சிறுமூங்கில்களின் அடியைக் குறிக்கும். அருகிலேயே எருமையின் பெயரைத் தாங்கிய பஃபலோ சாலையும், அதையே மலாயில் சொல்லும் கெர்பாவ் சாலையும் உள்ளன. நீரும் புல்லும் நிறைந்திருந்ததால் மாட்டுத் தொழில் செழித்த பகுதி இது. இன்று அம்மண்ணின் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் அடியில் இருக்கிறது. இத்தகைய இடத்தில் தோட்டம் அமைக்க விழைபவர் யாரை நாட வேண்டும்?

பலரும் முதலில் நாடுவது செடி விற்பவரைத்தான். அவர் தம் தொழிலில் வல்லவராகவே இருக்கலாம். ஆயினும் நிலத்தோற்றக் கலைஞரின் பணி வேறு. மண், நீர், மரம், மனித நடமாட்டம் ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்து, வரைபடமாக்கி, பணி நிறைவேறும்வரை மேற்பார்ப்பவர் அவர். குறிஞ்சி, முல்லை என்று நிலத்துக்கே பூவின் பெயரிட்டு, அதன் நீரையும் மரத்தையும் தொழிலையும் சேர்த்தே எண்ணிய திணை மரபை அறிந்த நமக்கு இப்பார்வை புதிதன்று.

சிராங்கூன் சாலையோரக் கடைவீடு ஒன்றின் உரிமையாளர், மேல்தளத்தில் தோட்டம் அமைக்க விரும்புகிறார் என்று கொள்வோம். நீரில் ஊறிய மண் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1.8 டன் எடை கொள்ளும். அதை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பினாலே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் அரை டன்னுக்கு மேற்பட்ட பாரம் ஏறும். பழைய மர உத்தரங்கள் அதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. வடிகால் அடைபட்டால் சுவரில் நீர் கசியும். தேங்கிய நீரில் டெங்கி பரப்பும் கொசு முட்டையிடும். மேலும், லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பாதுகாக்கப்பட்ட கட்டடங்களை மாற்றியமைக்க நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். தேர்ந்த கலைஞர் முதலில் கட்டமைப்புப் பொறியாளரைக் கலந்துகொள்வார். மேல்தளத்தை விட்டுவிட்டு, வீட்டின் நடுவேயுள்ள திறந்த முற்றத்தில் தோட்டம் வைக்கலாம் என்றும் கூறக்கூடும். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கே கட்டணம் தகும் என்பது என் கருத்து.

தகுதியை எவ்வாறு அறிவது? சிங்கப்பூரில் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி அவர்களுக்குரிய வாரியத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். நிலத்தோற்றத் துறையில் தகுதி வழங்கும் பொறுப்பை 1985இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் நிலத்தோற்றக் கலைஞர் கழகம் ஏற்றுள்ளது. ஆங்காங்கிலோ இதற்கெனத் தனிச் சட்டமும் பதிவு வாரியமும் உள்ளன. ஆகவே இங்கு ஒருவரை அமர்த்துபவர், முகவரி அட்டையில் உள்ள பட்டத்தோடு நின்றுவிடாமல், அவர் கழகத்தின் தகுதி பெற்றவரா என்று கேட்டறிதல் வேண்டும்.

இத்துறையின் ஆற்றலைக் காண விரும்பும் மாணவர்கள் பீஷான் – அங் மோ கியோ பூங்காவுக்குச் செல்லலாம். அங்கே காலாங் ஆறு ஒரு காலத்தில் 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாக ஓடியது. அது வளைந்து செல்லும் இயற்கை ஆறாக மாற்றப்பட்டு, 2012இல் பூங்கா புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. பெருமழையில் ஆறு அகன்று புல்வெளியை நிறைக்கும், பின்னர் வடியும். செடிவேர்களும் கற்களும் கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. எந்தச் செடி, எந்த முறை மண்ணைக் காக்கும் என்பதை முன்கூட்டியே ஒரு சிறு வடிகாலில் சோதித்த பின்னரே ஆற்றங்கரையில் கையாண்டனர். நிலத்தோற்றக் கலைஞர்களும் பொறியாளர்களும் சேர்ந்து ஆற்றிய பணி இது.

ஒருவரை அமர்த்துமுன், அவர் ஐந்தாண்டுகளுக்கு முன் முடித்த தோட்டம் ஒன்றை நேரில் பார்ப்பது நன்று. புதுத் தோட்டங்கள் யாவும் அழகாகவே தோன்றும். நம்மவர் தூங்குமூஞ்சி மரம் என்று அழைக்கும் மழைமரம், நடும்போது ஒரு கம்புபோல் இருக்கும்; வளர்ந்தபின் அதன் கவிகை 30 மீட்டர் வரை விரியும். வடிவமைப்பு, மேற்பார்வை, பராமரிப்புக் குறிப்பு ஆகிய மூன்றும் கட்டணத்தில் அடங்குமா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவாங்குதல் வேண்டும். பள்ளித் தோட்டமாயின், விடுமுறை நாள்களில் நீர் ஊற்றுபவர் யார் என்பதும் அதில் இருக்கட்டும்.