திரையில்லாத வீடியோ விளையாட்டு

தீபாவளியன்று கம்பி மத்தாப்பைப் பிடித்து இருட்டில் உங்கள் பெயரை எழுதிப் பார்த்திருப்பீர்கள். வட்டமும் சுழியும் ஒளிக்கோடாக நிற்பதுபோல் தோன்றும். அந்த எழுத்து எங்கே இருந்தது? காற்றிலா? இல்லை. எந்த ஒரு கணத்திலும் காற்றில் இருந்தது ஒளிரும் முனை மட்டுமே. அது கடந்துபோன இடங்களையெல்லாம் சேர்த்து எழுத்தாகக் காட்டியவை உங்கள் கண்ணும் மூளையும்தாம். விழித்திரையில் ஒளி உண்டாக்கும் பதிவு உடனே அழிந்துவிடுவதில்லை. நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் தங்கி நிற்கிறது. இதையே பார்வை நிலைப்பு என்கிறோம்.

இந்த மத்தாப்பு வித்தையை அடிப்படையாகக் கொண்டு 1995 ஜூலையில் ஜப்பானில் ஒரு வீடியோ விளையாட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது. அடுத்த மாதமே அமெரிக்காவுக்கும் போயிற்று. அதன் பெயர் 'வர்ச்சுவல் பாய்'. தயாரித்தது நின்டெண்டோ நிறுவனம். அந்நிறுவனத்தின் மாரியோவை உங்களில் பலர் அறிவீர்கள். இக்கருவியை அறிந்தவர் மிகச் சிலரே இருக்கக்கூடும். இதற்காக வெளிவந்த ஆட்டங்கள் மொத்தம் 22 மட்டுமே. ஜப்பானையும் வட அமெரிக்காவையும் தவிர வேறெங்கும் இது விற்கப்படவில்லை.

கருவியைப் பார்த்தால் நீருக்குள் மூழ்குவோர் அணியும் பெரிய முகமூடி ஒன்றை இரு கால்களின்மேல் நிறுத்தி மேசையில் வைத்ததுபோல் இருக்கும். ஆடுபவர் குனிந்து அதற்குள் முகத்தைப் பதிக்க வேண்டும். உள்ளே கருப்புப் பின்னணியில் சிவப்பு நிறத்தில் படங்கள் தெரியும். பந்து நம்மை நோக்கி வரும், எதிராளி தொலைவில் நிற்பான். ஆனால் கருவியைப் பிரித்துப் பார்த்தால் படம் தோன்றுவதற்கான திரை எதுவும் இராது!

அப்படியானால் உள்ளே என்னதான் இருக்கிறது? ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு மெல்லிய பட்டை. அதில் 224 மிகச்சிறு ஒளி உமிழ் டையோடுகள், அதாவது எல்.ஈ.டி.கள், ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே வரிசையில் அமைந்திருக்கும். அதை உருப்பெருக்கிக் காட்ட ஒரு லென்ஸ். பிறகு ஒரு சிறு சமதள ஆடி. அவ்வளவுதான். ஆட்டத்தில் தெரியும் படமோ 384 புள்ளி அகலமும் 224 புள்ளி உயரமும் கொண்டது. பெருக்கிப் பாருங்கள்: 86,016 புள்ளிகள். 224 விளக்குகளை வைத்துக்கொண்டு இத்தனை புள்ளிகளையும் காட்டுவது எப்படி?

ஆடியை ஆட்டினால் போதும். ஒளி எதிரொளிப்பு விதியை நினைவுகூருங்கள். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். ஆகவே ஆடியை 1 பாகை திருப்பினால் எதிரொளித்த கதிர் 2 பாகை திரும்பும். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வெயிலில் பிடித்துச் சுவரில் ஒளிப்பொட்டு விழச் செய்யுங்கள். மணிக்கட்டைச் சிறிதே அசைத்தாலும் பொட்டு சுவரின் மறுகோடிக்குத் தாவும். வர்ச்சுவல் பாயில் ஒரு மின்காந்தச் சுருள் ஆடியை நொடிக்கு 50 முறை ஆட்டுகிறது. டையோடு வரிசையின் பிம்பம் படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடும்போதே படத்தின் முதல் செங்குத்து வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்று அந்த 224 விளக்குகளும் மாறி மாறி எரிந்து அணைகின்றன. 384 வரிகளும் முடிய ஏறத்தாழ 5 மில்லி நொடிதான். ஒரு வரிக்குக் கிடைப்பது நொடியைப் பத்து லட்சம் கூறிட்டதில் சுமார் 13 கூறு!

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. எனக்கு இக்கருவியில் மிகவும் பிடித்த இடமும் இதுவே. அலைவுறும் ஆடி ஊசலைப் போன்றது. ஊசல் நடுவில் விரைவாகவும் ஓரங்களில் மெதுவாகவும் செல்லும் என்று தனிச்சீரிசை இயக்கம் பற்றிய பாடத்தில் படிக்கிறோம். எல்லா வரிகளுக்கும் சம நேரம் ஒதுக்கினால் நடுவிலுள்ள வரிகள் அகன்றும் ஓரத்திலுள்ளவை நெருங்கியும் விழும். பந்து நடுவே வரும்போது பருத்தும் ஓரம் போனால் மெலிந்தும் தோன்றும். இதைத் தவிர்க்க, அலைவின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தினர். அதிலும் ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு நேரம் என்று ஓர் அட்டவணையை நினைவகத்தில் வைத்து நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தனர். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் சைன் வளைவு இங்கே ஒரு விளையாட்டுச் சாமானுக்குள் வேலை செய்கிறது.

இனி ஆழம் தோன்றுவது எப்படி என்று பார்ப்போம். கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாற்றி மாற்றிப் பாருங்கள். விரல் பின்னணியில் இடம் பெயர்வதுபோல் தோன்றும். விரலை அருகில் கொண்டுவந்தால் பெயர்ச்சி கூடும். இரு கண்களுக்கும் இடையே 6 செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட தூரம் இருப்பதால் இரண்டும் சற்றே வேறான படங்களைக் காண்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து மூளை தொலைவைக் கணிக்கிறது. வர்ச்சுவல் பாயில் இடக்கண்ணுக்கு ஒரு படமும் வலக்கண்ணுக்கு ஒரு படமும் தனித்தனியே வரையப்பட்டன. அதுவும் ஒரே நேரத்தில் அல்ல. ஒரு கண்ணுக்கு வரையும்போது மறு கண் முழு இருட்டில் இருக்கும். ஆடுபவருக்கு அது தெரியவே தெரியாது.

சிவப்பு மட்டும் ஏன்? டையோடு ஒன்று உமிழும் ஒளியின் நிறத்தை அதன் குறைகடத்தியின் ஆற்றல் இடைவெளி தீர்மானிக்கிறது. சிவப்புக்கு ஏறக்குறைய 1.9 எலெக்ட்ரான் வோல்ட் போதும், நீலத்துக்கு 2.7-க்கு மேல் வேண்டும். அதற்கேற்ற காலியம் நைட்ரைடு படிகத்தைச் செம்மையாக வளர்ப்பது பல்லாண்டுக் காலம் பெரும்பாடாக இருந்தது. பிரகாசமான நீல டையோடு ஜப்பானில் 1993-இல்தான் விற்பனை நிலையை எட்டியது. அதற்கு வழிவகுத்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். நீலம் இல்லாமல் முழு வண்ணம் இல்லை. சிவப்போ மலிவு, ஆறு பென்டார்ச் செல்களில் ஓட வேண்டிய கருவிக்கு மின்சாரமும் சிக்கனம்.

மலிவைத் தேடியவர் சாதாரண மனிதர் அல்லர். குன்பெய் யோகொய் என்னும் அப்பொறியாளர் 1965-இல் நின்டெண்டோவில் இயந்திரப் பராமரிப்பு வேலையில் சேர்ந்தவர். பின்னாளில் 'கேம் பாய்' கைக்கருவியை உருவாக்கியவர். பழகி, விலை இறங்கிப்போன தொழில்நுட்பத்தை எவரும் நினையாத இடத்தில் புகுத்துவதே அவர் கொள்கை. ஆடும் ஆடியைக் கண்டுபிடித்தது அவரல்ல. அமெரிக்காவின் ரிஃப்லெக்‌ஷன் டெக்னாலஜி என்னும் நிறுவனம். ஒற்றைக் கண்ணில் மாட்டிக்கொள்ளும் சிறு கணினித் திரையாக அவர்கள் அதை முன்பே செய்திருந்தனர்.

ஆட்டங்கள் எப்படி? ஆழம் சில ஆட்டங்களில் மட்டுமே உண்மையாகப் பயன்பட்டது. பலவற்றில் வெறும் அலங்காரம். 'வாரியோ லேண்ட்' ஆட்டத்தில் வீரன் முன்தளத்திலிருந்து பின்தளத்துக்குத் தாவிப் போய்ப் புதையல் தேடுவான். என் கணிப்பில் இதுவே சிறந்தது. 'டெலிரோபாக்ஸர்' ஆட்டத்தில் எந்திர மனிதர்களின் குத்துச்சண்டை. இரு கைகளையும் தனித்தனியே இயக்கக் கட்டுப்பாட்டுப் பிடியில் இரண்டு திசைப் பொத்தான்கள் இருந்தன. 'ரெட் அலார்ம்' விண்கலப் போர். எல்லாமே கம்பிக்கூடு போன்ற கோடுகளால் ஆனவை. முன்சுவரின் வழியே பின்சுவரும் தெரிந்து குழப்பும். 'வர்ச்சுவல் லேப்' என்ற ஆட்டத்தின் அட்டையிலோ நின்டெண்டோ என்ற பெயரையே பிழையாக அச்சிட்டிருந்தார்கள்!

கருவி விலை போகவில்லை. உலகம் முழுவதும் விற்றது எட்டு லட்சத்தைக்கூட எட்டவில்லை. 1996-இல் அத்தியாயம் முடிந்தது. அமெரிக்காவில் விலை சுமார் 180 டாலர் என்பது ஒரு காரணம். குனிந்தே ஆட வேண்டியிருந்தது. தலைவலியும் கண்வலியும் வந்ததாகப் பலர் குறை கூறினர். இதற்கு இயற்பியல் காரணம் ஒன்று உண்டு. அருகிலுள்ள பொருளைக் காணும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும். கண் லென்ஸும் தடிக்கும். இரண்டும் சேர்ந்தே நடந்து பழகியவை. இக்கருவியிலோ பந்து அருகில் வருவதுபோல் கண்கள் திரும்பும். ஒளி வரும் தொலைவு மாறாததால் லென்ஸ் தடிக்கக் கூடாது. இன்றைய வி.ஆர். கருவிகளிலும் இம்முரண்பாடு முழுதாகத் தீரவில்லை. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆடக் கூடாது என்று நிறுவனமே எச்சரித்திருந்தது.

இன்னொரு காரணம் நாம் முதலில் கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது. படம் ஆடுபவரின் கண்ணுக்குள் மட்டுமே உருவாவதால் பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. தொலைக்காட்சி விளம்பரத்தில் ஆழத்தைக் காட்ட வழியில்லை. பத்திரிகையில் அச்சிட்டால் தட்டையான சிவப்புக் கோடுகள்தாம் மிஞ்சும். பார்த்தவரே வாங்குவர், பார்க்கவோ முகத்தைப் பதிக்க வேண்டும். யோகொய் 1996-இல் நின்டெண்டோவிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு சாலை விபத்தில் இறந்தார்.

இன்று அந்த 22 ஆட்டங்களையும் சாதாரணக் கணினியில் இயக்கலாம். முடிக்கப்பட்டும் வெளிவராமல் போன 'பவுண்ட் ஹை' என்ற ஆட்டத்தைக்கூட ஆர்வலர்கள் 2010-இல் கிடைக்கச் செய்துவிட்டனர். ஆனால் கணினித் திரை ஒளிர்வது வேறு விதம். ஆடும் ஆடி வரைந்த படத்தைக் காண அசல் கருவியே வேண்டும். அந்தக் கருவிகளுக்கு ஒரு நோய் வந்திருக்கிறது. டையோடுப் பலகையோடு பட்டைக் கம்பியை இணைத்தது பசை. ஆண்டுகள் ஆக ஆகப் பசை விட்டுப்போய்ப் படத்தில் கிடைக்கோடுகள் விழுகின்றன. சேகரிப்போர் கருவியைப் பிரித்து, பசையைச் சுரண்டி எடுத்து, தலைமுடிபோல் நெருங்கிய அந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக ஈயப்பற்று வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.