இலையுதிர்கால முழுநிலவும் பிரிந்த கொரியக் குடும்பங்களும்

கொரியத் தீபகற்பத்தில் சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதத்து முழுநிலவு நாளில், அதாவது செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும் சூசொக் என்னும் பண்டிகையை அறுவடைத் திருநாள் என்றே பயண நூல்கள் பெரும்பாலும் அறிமுகப்படுத்துகின்றன. புதுநெல் அரிசிமாவில் எள், பயறு முதலியவற்றாலான பூரணம் வைத்து, அரைநிலா வடிவில் பிடித்து, பைன் மரத்தின் ஊசியிலைகளைப் பரப்பி ஆவியில் வேகவைக்கும் சொங்பியோன் என்ற கொழுக்கட்டையே அந்நூல்களில் முதலிடம் பெறுகிறது. ஆயினும், தென்கொரியக் குடும்பங்களுக்கு இப்பண்டிகையின் உயிர்நாடி, பல ஊர்களில் சிதறி வாழும் உறவினர் ஒரே கூரையின்கீழ் கூடி, யார் எங்கே இருக்கிறார், யாருக்கு வேலை கிடைத்தது, யார் நோயுற்றார், யாருக்குத் திருமணம் கூடியது என்று ஒருவரை ஒருவர் விசாரித்து அறிவதில் இருக்கிறது.

இந்த உறவுகளைக் கணக்கிடுவதற்குக் கொரியர் 'சொன்' என்ற அலகைக் கையாளுகின்றனர். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு சொன், உடன்பிறந்தாருக்கு இடையே இரண்டு, தந்தையின் உடன்பிறந்தவருக்கு மூன்று, அவருடைய பிள்ளைகளுக்கு நான்கு என்று தொலைவு கூடிக்கொண்டே செல்லும். குடும்பத்தின் மூத்த மகன் வீட்டில் சூசொக் காலையில் நடைபெறும் 'சார்யே' என்ற முன்னோர் படையலுக்குச் சித்தப்பா, பெரியப்பா வழியினர் எல்லோரும் வந்துசேர்வதே நெடுங்கால வழக்கம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே குடும்பத்தார் சென்று முன்னோர் கல்லறை மேடுகளில் மண்டிய புல்லை வெட்டித் துப்புரவு செய்கின்றனர். இவ்வளவு பேருக்கும் சமைக்கும் பாரம் முழுவதும் மருமகள்களின் தோளில் விழுந்து வந்ததை மறைப்பதற்கில்லை. கன்பூசிய நெறியின் தலைமை அமைப்பே 2022-இல் முன்வந்து, ஒன்பது வகைப் பண்டங்கள் போதும், எண்ணெயில் பொரித்தவை தேவையில்லை என்று அறிவித்தது, மிகவும் காலம் தாழ்ந்து வந்த நல்ல செயல்.

1960-களில் தொடங்கிய தொழில்மயமாக்கம் சிற்றூர் இளைஞர்களைச் சியோலுக்கும் அதன் சுற்றுவட்டாரத்திற்கும் இழுத்துச் சென்றதால், இன்று நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தலைநகர வட்டாரத்திலேயே வாழ்கின்றனர். ஆகவே, சுமார் 5 கோடி மக்கள் கொண்ட நாட்டில் இப்பண்டிகைக் காலத்துப் பயணங்களின் எண்ணிக்கை 3 கோடியைத் தாண்டுகிறது; சியோலிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூசானுக்குச் சாதாரண நாளைவிட இருமடங்கு நேரம் பிடிப்பதும் உண்டு. 2017 முதல் பண்டிகை நாள்களில் நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணத்தை அரசு தள்ளுபடி செய்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும் இச்சலுகை நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் ஊருக்கு வருவதற்குப் பதிலாக முதிய பெற்றோரே சியோலுக்குச் செல்லும் எதிர்த்திசைப் பயணமும் இப்போது பெருகியுள்ளது.

ஆனால், எந்தச் சாலையில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சென்றடைய முடியாத ஊர்களைப் பிறப்பிடமாகக் கொண்டோரும் தென்கொரியாவில் உள்ளனர். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரின்போது வடக்கிலிருந்து வெளியேறிய இவர்கள், போர்நிறுத்த எல்லைக்கோடு மூடப்பட்டபின் பெற்றோரையும் மனைவியரையும் குழந்தைகளையும் மீண்டும் காணவில்லை. வடகொரியாவுக்கும் தென்கொரியாவுக்கும் இடையே பொதுமக்களுக்கான தபால் இல்லை, தொலைபேசி இல்லை. தாய் இறந்த நாள் தெரியாததால் எந்த நாளில் படையல் இடுவது என்ற கேள்விக்கே விடையின்றி வாழ்ந்தோர் பலர்.

போரின் குழப்பத்தில் தென்கொரியாவுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் தவறவிட்ட குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் இருந்தன. இவர்களுக்காகக் கேபிஎஸ் தொலைக்காட்சி 1983 ஜூன் 30 அன்று ஒன்றரை மணி நேர அளவில் திட்டமிட்ட நேரலை நிகழ்ச்சி, விண்ணப்பங்கள் குவிந்தமையால், நவம்பர் 14 வரை 138 நாள்களில் 453 மணி 45 நிமிடம் ஒளிபரப்பாயிற்று. பெயரும் ஊரும் நினைவிலுள்ள தழும்பும் எழுதிய அட்டைகளை ஏந்தி மக்கள் நின்றனர். 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. அந்த ஆண்டின் சூசொக்கும் இந்த நாள்களுக்குள்ளேயே வந்தது. இந்நிகழ்ச்சியின் பதிவுகளை யுனெஸ்கோ 2015-இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

எல்லை தாண்டிய சந்திப்போ இரு அரசுகளின் உறவைப் பொறுத்தே நிகழ்ந்தது. 1985 செப்டம்பரில் சில பத்துக் குடும்பங்கள் சந்தித்தன. பிறகு 2000 முதல் 2018 வரை நேருக்கு நேரான சந்திப்புகள் 21 சுற்றுகள் நடந்தன. கணினிக் குலுக்கலில், முதியோருக்கு முன்னுரிமை தந்து, ஒரு சுற்றுக்குத் தரப்புக்குச் சுமார் 100 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2009-இல் சூசொக்கை ஒட்டியும், 2010-இலும் 2015-இலும் இலையுதிர்காலத்திலும் வடக்கிலுள்ள கும்கங் மலையில் கூடியோர், சில நாள்களில் சில மணி நேரமே பேசி, மறுபடி சந்திக்கும் உறுதி எதுவுமின்றிப் பிரிந்தனர். கடிதப் பரிமாற்றத்துக்கு 2001 மார்ச்சில் வழி திறந்தபோது தரப்புக்கு 300 கடிதங்கள் மட்டுமே எல்லையைக் கடந்தன, அது தொடரவில்லை.

ஒவ்வொரு சூசொக் அன்றும் வடக்கைப் பிறப்பிடமாகக் கொண்ட இவர்கள் எல்லைக்கு அருகிலுள்ள இம்ஜிங்காக் என்னுமிடத்தில், 1985-இல் அமைக்கப்பட்ட மங்பேதான் என்ற பலிபீடத்தின் முன் பழமும் கொழுக்கட்டையும் படைத்து, வடக்கு நோக்கி விழுந்து வணங்குகின்றனர். சூசொக்கிற்கு இரு நாள் முந்தைய தினத்தைத் தென்கொரிய அரசு 2023 முதல் பிரிந்த குடும்பங்களின் நாளாகக் கடைப்பிடிக்கிறது. எனினும் கும்கங் மலையிலுள்ள சந்திப்பு மண்டபத்தை வடக்கு இடித்துவருவதாக 2025 பிப்ரவரியில் தென்கொரிய அரசு அறிவித்தது. உறவினரைக் காண வேண்டித் தெற்கில் பதிவுசெய்த 1,30,000-க்கும் மேற்பட்டோரில் இன்று உயிருடன் இருப்போர் 40,000-க்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் 80 வயதைக் கடந்தவர்கள். அரசியல் உடன்பாடு வரும்வரை இவர்களால் காத்திருக்க இயலாது. நேரில் சந்திக்க வாய்ப்பில்லாத நிலையிலும், உறவினர் உயிருடன் இருக்கிறாரா, இல்லையெனில் எந்த நாளில் இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்ற செய்தியையேனும் இரு அரசுகளும் ஒன்றுக்கொன்று அளித்துவிட வேண்டும்.