ஞாயிற்றுக்கிழமை எந்த மிருகக்காட்சிச்சாலைக்குப் போகலாம்?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சுவிற்சர்லாந்துக்கு வந்து தஞ்சம் கோரிய எம்மவர் பலரின் பழைய அல்பங்களில் ஒரே இடத்தில் எடுத்த படத்தைக் காணலாம். பேர்ண் நகரின் நீடெக் பாலத்தருகே, வட்டமான கற்சுவர் ஒன்றில் சாய்ந்தபடி, அளவு பொருந்தாத குளிரங்கியுடன் ஓர் இளைஞர் நிற்பார். சுவருக்கு அப்பால், ஆழமான பள்ளத்தில் கரடி நிற்கும். ஊரிலிருந்த பெற்றோருக்குக் கடிதத்துடன் அனுப்புவதற்கென எடுக்கப்பட்ட படங்கள் அவை. கரடியின் நிலையைப் பற்றி அன்று எவரும் எண்ணியதில்லை. எண்ணுவதற்கு வேறு கவலைகள் இருந்தன.

அந்த இளைஞர்கள் இன்று பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதே பாலத்தைக் கடக்கிறார்கள். ஆனால் பள்ளத்தில் கரடி இல்லை. பேர்ண் நகரம் 1513 ஆம் ஆண்டிலிருந்து கரடி வளர்த்து வருகிறது. நீடெக் பாலத்தருகேயுள்ள பள்ளம் 1857 இல் திறக்கப்பட்டது. கற்றரை, கற்சுவர், மேலிருந்து வீசப்படும் கரட் ஆகியவைதாம் அங்கு கரடிகளின் உலகமாக இருந்தன. பேத்ரோ என்ற இறுதிக் கரடி 2009 ஏப்ரலில், முதுமையும் நோயும் முற்றிய நிலையில், கருணைக்கொலை செய்யப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆரே ஆற்றங்கரைச் சரிவில் புதிய கரடிப் பூங்கா திறக்கப்பட்டது. ஏறத்தாழ 6000 சதுரமீற்றர் பரப்பில் மரமும் புதரும் நீர்த்தொட்டியும் அமைந்த சரிவு அது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

அங்கு குழந்தைகளுடன் செல்லும் பெற்றோர் பலர் ஏமாற்றத்துடன் திரும்புகின்றனர். "இவ்வளவு தூரம் வந்தும் கரடியைக் காணவில்லை" என்பதே குறை. எமது கருத்து இதற்கு நேரெதிரானது. வந்தவுடன் கண்ணில் படாத விலங்குதான் நன்றாக வைக்கப்பட்டிருக்கும் விலங்கு. ஒளிந்துகொள்ள அதற்கு இடம் இருக்கிறது என்பதே அதன் பொருள். சிறு குழந்தைகளை அழைத்துச் செல்ல ஓரிடத்தைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுவே என்கிறோம்.

இது எமது கண்டுபிடிப்பன்று. பாசலில் பிறந்த ஹைனி ஹெடிகர் என்ற விலங்கியலாளர் 1938 முதல் 1973 வரை பேர்ண், பாசல், சூரிச் ஆகிய மூன்று நகரங்களின் விலங்குப் பூங்காக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நிர்வகித்தவர். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு 'தப்பியோடும் தூரம்' உண்டு என்று அவர் எழுதினார். அந்நியர் ஒருவர் அந்தத் தூரத்துக்குள் நுழைந்தால் விலங்கு விலகி ஓட வேண்டும். ஓட வழியில்லாவிடில் அஞ்சி நடுங்கும், அல்லது தாக்கும். கூண்டின் பரப்பளவைக் காட்டிலும், உள்ளே மறைவிடமும் உறங்குமிடமும் உலவும் பாதையும் உள்ளனவா என்பதே முக்கியம் என்றார். நாற்புறமும் மனிதர் சூழ்ந்து நிற்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குரங்கு இருக்குமானால், அந்தத் தூரம் அதற்கு மறுக்கப்பட்டுள்ளது என்பதை ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளக்கலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது நடை. சிறுத்தை ஒன்று வேலியோரமாக ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தால், யானை நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தால், கிளி தன் மார்பு இறகைத் தானே பிடுங்கியிருந்தால், அவை சலிப்பினதும் மன அழுத்தத்தினதும் அறிகுறிகள். யானை அசைவதை ஊரில் இரசித்துப் பழகிய நாம் "யானை ஆடுது பார்" என்று குழந்தையைக் கைதட்டச் செய்கிறோம். அது ஆட்டமன்று. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: கொடிய இடங்களிலிருந்து மீட்கப்பட்ட விலங்குகள் நல்ல இடத்துக்கு வந்த பின்னரும் பழைய பழக்கத்தை எளிதில் விடுவதில்லை. எனவே உடனே பழி சொல்லாமல், அறிவித்தல் பலகையை வாசியுங்கள், பணியாளரிடம் கேளுங்கள். கேட்ட கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடம் பெரும்பாலும் நல்ல இடமாகவே இருக்கும்.

துணையும் வேண்டும். கூட்டமாக வாழும் இனங்களைத் தனியே வைத்திருக்கக் கூடாது என்பது 2008 இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் விலங்குப் பாதுகாப்பு விதி. வீட்டில் வளர்க்கும் கினிப்பன்றிக்கும் இது பொருந்தும். (பிள்ளை ஒன்று கேட்டால் இரண்டு வாங்க வேண்டியிருக்கும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்து வைப்பது நல்லது!)

மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பிடித்தமானது, ஆடுகளைத் தொட்டுப் பார்க்கும் தொழுவம். இங்குதான் கூடுதல் அவதானம் தேவை. நல்ல தொழுவத்தில், குழந்தைகள் நுழைய முடியாத ஒரு தடுப்பு இருக்கும். போதுமென்று தோன்றியதும் ஆடு அதற்குள் போய்விடும். அத்தகைய தடுப்பில்லாத இடத்தில் முயற்குட்டியைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தால், வெளியேறிவிடுங்கள். குழந்தையை அமரச் செய்து, கையை நீட்டாமல் காத்திருக்கச் சொல்லுங்கள். ஆடு தானாக வரும். வந்த ஆட்டைத் தடவிய பின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ மறக்க வேண்டாம்.

இனி இடங்களுக்கு வருவோம். எமது முதல் தெரிவு, சூரிச்சுக்கு அருகேயுள்ள லாங்கன்பேர்க் காட்டுப் பூங்கா. 1869 இல் தொடங்கப்பட்ட இது, சுவிற்சர்லாந்தின் மிகப் பழைய விலங்குப் பூங்கா. இதற்கும் கட்டணமில்லை. சூரிச் பிரதான நிலையத்தில் எஸ் 4 புகையிரதம் ஏறினால் இருபது நிமிடங்களளவில் வில்ட்பார்க் ஹோஃப்லி தரிப்பிடம், இறங்கினால் பூங்கா. சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் இங்கில்லை. ஓநாய், லிங்ஸ் என்னும் காட்டுப்பூனை இனம், கரடி, காட்டுப்பன்றி, ஐரோப்பியக் காட்டெருமை எனப் பெரும்பாலும் இந்நாட்டுக் காடுகளில் வாழும் அல்லது முன்பு வாழ்ந்த விலங்குகளே உள்ளன. இந்தக் குளிர் அவற்றுக்குப் புதிதன்று. லிங்ஸைப் பார்க்க அரைமணி நேரம் மௌனமாக நிற்க வேண்டி வரலாம். பாதைகள் மேடும் பள்ளமுமானவை. தள்ளுவண்டி கொண்டு செல்வோர் இதை மனதிற் கொள்க.

சூரிச் மிருகக்காட்சிச்சாலையில் கட்டணம் அதிகம். ஆயினும் இரு பகுதிகளுக்காகச் செல்லலாம். 2003 இல் திறக்கப்பட்ட மசோவாலா மண்டபம், மடகாஸ்கர் மழைக்காட்டின் ஒரு துண்டு. 11,000 சதுரமீற்றர் கூரையின் கீழ் லெமூர்கள் பார்வையாளருக்கு மேலே சுதந்திரமாகத் தாவுகின்றன. பச்சோந்தியைத் தேடிக் கண்டுபிடிக்கப் பெரியவர்களைவிடக் குழந்தைகளே கெட்டிக்காரர்கள். மார்கழிக் குளிரில் அதனுள் நுழையும்போது முகத்தில் அடிக்கும் ஈரவெப்பம் எம்மவர் பலருக்கு வேறோர் ஊரை நினைவூட்டும். 2014 இல் திறக்கப்பட்ட யானைப் பூங்காவில் பாகர் யானையுடன் நேரடியாக நிற்பதில்லை. தடுப்புக்கு அப்பாலிருந்தே பராமரிக்கின்றனர். உணவைப் பல இடங்களில் வைப்பதால் யானைகள் நடந்து தேட வேண்டியிருக்கிறது. அவ்வளவு சிறந்த ஏற்பாட்டிலும் 2022 இல் மூன்று இளம் யானைகள் ஹேர்ப்பிஸ் வைரசுக்குப் பலியாகின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தூரம் பொருட்டில்லையெனில் கோடையில் அரோசாவுக்குச் செல்லுங்கள். சேர்பியாவின் சர்க்கஸ் கூட்டமொன்றின் சிறு கூண்டிலிருந்து மீட்கப்பட்ட நாபா என்ற கரடிக்காக 2018 இல் அந்த மலையில் ஒரு சரணாலயம் திறக்கப்பட்டது. கூண்டில் வாழ்ந்த அக்கரடி புல்லில் நடக்கவும் பனிக்காலத்தில் உறங்கவும் பழகி, 2020 இல் இறந்தது. அல்பேனியாவில் உணவகமொன்றில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டிருந்த இரு கரடிகளும் 2019 இல் அங்கு வந்து சேர்ந்தன. வேட்டையாடி உண்ண அறியாதவை மீண்டும் காட்டுக்குப் போக முடியாது என்பதைக் குழந்தைக்கு விளக்க இதைவிட நல்ல இடம் எமக்குத் தெரியவில்லை.

குழந்தை ஒருநாள் கேட்கவே செய்யும்: "இது என்ன குற்றம் செய்தது? ஏன் வேலிக்குள் வைத்திருக்கிறார்கள்?" அகதி முகாமின் வேலிக்குள் மாதக்கணக்கில் அனுமதிக்காகக் காத்திருந்த பெற்றோருக்கு இந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும். "அதற்கு இங்கே மகிழ்ச்சி" என்று பொய் சொல்ல வேண்டாம். இங்கே பிறந்தது, அல்லது மீட்கப்பட்டது, வெளியே விட்டால் பிழைக்காது என்ற உண்மையைச் சொல்லலாம். அந்த உண்மை பொருந்தாத இடமாயின், அதையும் சொல்லலாம். சர்க்கஸ் யானையை இரசித்த இதே நாட்டில், புகழ்பெற்ற க்னீ சர்க்கஸ் 2016 முதல் யானைகளைச் சுற்றுப்பயணத்திற்குக் கொண்டு செல்வதை நிறுத்தியது. டொல்பின் இறக்குமதியைத் தடைசெய்ய 2012 இல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. மக்கள் கேள்வி கேட்டதால் வந்த மாற்றங்கள் இவை.

செலவு பற்றி ஒரு சொல். வருமானம் குறைந்தோருக்கும் சமூக உதவி பெறுவோருக்கும் காரித்தாஸ் வழங்கும் குல்த்தூர்லேகி அட்டை உண்டு. பல பொழுதுபோக்கிடங்களில் இதற்குக் கழிவு கிடைக்கும். பற்றுச்சீட்டு வாங்குமுன் கேளுங்கள். கேட்க வெட்கப்பட ஏதுமில்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புகையிரதத்தில் பயணச்சீட்டும் தேவையில்லை.

கோடை விடுமுறைக்கு இலங்கை செல்லும் குடும்பங்கள் பின்னவலவுக்குப் போவது வழமையாகிவிட்டது. அநாதை யானைக்குட்டிகளுக்காக 1975 இல் தொடங்கப்பட்ட அவ்விடத்தில், மகா ஓயாவில் யானைகள் நீராடும் காட்சி அழகுதான். ஆனால் சங்கிலியையும் குழந்தைகள் காண்பார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யானைச் சவாரிக்கு அழைப்போரும் உளர், ஏற வேண்டாம். சற்றுத் தூரம் பயணம் செய்ய முடிந்தால், உடவளவையில் வனஜீவராசிகள் திணைக்களம் 1995 முதல் நடத்தும் யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையத்துக்குச் செல்லலாம். அங்கே தொடவோ பாலூட்டவோ அனுமதியில்லை. மேடையில் நின்று, குட்டிகள் பால் குடிக்க ஓடிவருவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நூற்றுக்கு மேற்பட்ட குட்டிகள் அங்கு வளர்ந்து காட்டுக்குத் திரும்பிவிட்டன. பால் கொடுக்கும் நேரங்களை முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள். குட்டிகள் குடித்து முடித்ததும் புதருக்குள் போய்விடும்.