கான்கூன் கடற்கரைக்குச் செல்வோர்க்கு

மெக்சிக்கோ நாட்டின் கீழ்க்கோடியிலே, யுகத்தான் தீபகற்பம் கரிபியன் கடலுக்குள் நீண்டு செல்லும் இடத்திலே, கான்கூன் என்னும் நகரம் அமைந்திருக்கின்றது. 1970 ஆம் ஆண்டிலே அங்கு நகரம் என்று சொல்லத்தக்கது எதுவும் இருந்ததில்லை. கடலுக்கும் நிச்சுப்தே என்னும் களப்புக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றிட்டு ஒன்று, அதிலே ஒரு தென்னந்தோட்டம், அதற்குக் காவலாக இரண்டொருவர், அவ்வளவே. அந்நியச் செலாவணிக்கு வழி தேடிய மெக்சிக்கோ மத்திய வங்கியின் அதிகாரிகள் அந்தத் திட்டைத் தெரிந்தெடுத்தனர். அமெரிக்க நாடுகளின் அபிவிருத்தி வங்கி கடன் கொடுத்து உதவியது. 1974 இல் முதல் ஹோட்டல்கள் வாயில் திறந்தன. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்நகரத்தின் சனத்தொகை ஏறக்குறைய 9 இலட்சம்!

எமது வாசகர்களிற் பலர்க்கு இவ்விடம் அத்துணைத் தூரமானதன்று. ரொறன்ரோ நகரிலிருந்து நாலு மணி நேர விமானப் பயணத்தில் இதை அடையலாமாதலால், மாரிக்காலத்துப் பனிக்குத் தப்பிச் செல்லும் குடும்பங்களுள்ளே எம்மவரும் உளர். அவர்களுடன் சேர்ந்து போக விரும்பும் இலங்கையர் முதலிற் கவனிக்கவேண்டியது விசா. இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர்க்கு மெக்சிக்கோ விசா அவசியம். எனினும் கனடா, ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, யப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றுள் ஒன்றின் செல்லுபடியான விசாவோ நிரந்தர வதிவுரிமையோ கையில் இருப்பின், உல்லாசப் பயணத்திற்குத் தனி விசா வேண்டுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் விமானத் தளத்தில் இறங்கி மாறிச் செல்வோர் அந்நாட்டு விசாவையும் பெற்றிருத்தல் வேண்டும். மலிவான சீட்டு என்று மகிழ்ந்து வாங்கியபின் இதை அறிவோர் பலர். விதிகள் மாறக்கூடியன, புறப்படுமுன் தூதரகத்தில் விசாரித்துக்கொள்வது நன்று.

எக்காலத்திற் போகலாம்? டிசெம்பர் முதல் ஏப்பிரில் வரை மழை குறைவு, வெயில் இதம், விலை அதிகம். சூறாவளிப் பருவம் யூன் முதலாந் திகதி தொடங்கி நவெம்பர் 30 இல் முடிகின்றது. 1988 செப்டெம்பரில் வந்த கில்பேட் புயலும், 2005 ஒக்டோபரில் வந்த வில்மா புயலும் அந்நகரை உருக்குலைத்தன. வில்மா கரை மணலையே அள்ளிச் சென்றதனால், பின்னர் கடலடியிலிருந்து மணலை உறிஞ்சியெடுத்துக் கரையை மீண்டும் நிரப்பவேண்டியதாயிற்று.

புயலைப் பற்றி யாவரும் அறிவர். பாசியைப் பற்றி விளம்பரப் புத்தகங்கள் பேசுவதில்லை. 2011 முதலாக அத்திலாந்திக் சமுத்திரத்தின் வெப்ப வலயத்திலே சர்காசம் என்னும் கபில நிறப் பாசி முன்னில்லா அளவிற் பெருகி வருகின்றது. ஏப்பிரிலிலிருந்து ஓகஸ்ட் வரையான மாதங்களில் அது மலைமலையாகக் கரை ஒதுங்குவதுண்டு. அழுகும்போது கூழ்முட்டை நாற்றம் வீசும். படத்திலே நீல நிறமாகத் தோன்றிய கடல் நேரிலே தேயிலைச் சாயம் போல் இருக்கும். கிழக்கு நோக்கிய கரைகளுக்கே இத்தொல்லை அதிகம். கான்கூனுக்கு எதிரேயுள்ள இஸ்லா முஹேரெஸ் தீவின் வடகரையும், கொசுமெல் தீவின் மேற்குக் கரையும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அம்மாதங்களிற் போகிறவர்கள் இவ்விரு தீவுகளையும் மனதில் வைத்து அறை ஒழுங்கு செய்வார்களாக.

விமானத்தால் இறங்கிச் சுங்கப் பகுதியைக் கடந்ததும் ஒரு மண்டபம் வரும். அங்கே உத்தியோகத்தர் போல உடையுடுத்த பலர் புன்னகையுடன் அழைப்பர். “உங்கள் வண்டி எது? ஹோட்டல் எது?” என்று உரிமையோடு கேட்பர். இவர்கள் விடுமுறை வீட்டுப் பங்குகளை விற்கும் முகவர். நின்று பதில் சொன்னாற் காலை ஆகாரம் இனாம், படகுச் சவாரி இனாம் என்று தொடங்கி, விடுமுறையில் அரை நாளை விழுங்கிவிடுவர். ஒருவரையும் பாராது நேரே வெளியே நடப்பதே தக்கது. வெளியே ஆ-டே-ஓ என்னும் கம்பனியின் பஸ் வண்டிகள் நகர மத்திக்கும் பிளாயா தெல் கார்மெனுக்கும் நேரே செல்கின்றன. டாக்ஸியில் ஏறுவோர் கட்டணத்தை ஏறுமுன் பேசி முடித்தல் வேண்டும். அங்குள்ள டாக்ஸிகளில் மீற்றர் இல்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெக்சிக்கோ நாணயமாகிய பெசோவுக்கும் டொலருக்கும் எழுதும் குறி ஒன்றே. 2023 முதல் 2025 வரையான ஆண்டுகளில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 17 முதல் 20 பெசோ வரை கிடைத்தது. ஆகவே விலைப் பட்டியலில் 200 என்று கண்டு மயங்கி விழவேண்டியதில்லை. அதுபோலவே, பெசோ என்று எண்ணி டொலரைக் கொடுத்துவிடவும் கூடாது. எந்த நாணயம் என்று வாய் திறந்து கேட்க வெட்கம் எதற்கு? வங்கியின் பண இயந்திரம், “உமது நாட்டு நாணயத்தில் மாற்றித் தரவா?” என்று கேட்கும். வேண்டாம் என்பதே இலாபமான விடை.

இனிக் கடல். ஹோட்டல் வரிசை அமைந்த திட்டு 7 என்னும் இலக்கத்தின் வடிவுடையது. அதன் மேற்கோடு வடக்கே இஸ்லா முஹேரெஸ் குடாவை நோக்கியிருப்பதால் அங்கே அலை குறைவு. குழந்தைகளை அழைத்துச் செல்லும் தாய்மார் அப்பக்கத்துக் கரைகளையே நாடுதல் வேண்டும். நீண்ட கால் போன்ற பகுதியோ திறந்த கடலை நோக்கியது. டெல்பினெஸ் என்னும் பொதுக்கரை அங்கேதான் உண்டு. அதனைப்போல் அழகிய காட்சி வேறில்லை. ஆனால் அலை பொல்லாதது. மணல் வெண்மையானது, சுண்ணாம்புத் துகளாலானது; நண்பகலிலும் கால் சுடாது. அந்த மென்மையிலே மயங்கி, கடலும் அப்படியே இருக்கும் என்று எண்ணுவோர்தாம் ஆபத்துக்கு உள்ளாகின்றனர்.

கரையிலே கொடி பறக்கும். பச்சை அமைதி, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து, கறுப்பாயின் இறங்குதல் கூடாது. நீச்சல் தெரியாதவர்க்கு மஞ்சளும் சிவப்பே என்பது எமது எண்ணம். கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம் ஒன்று உண்டு. அலைகள் உடைந்து நுரைக்கும் வரிசையின் நடுவே ஓரிடம் மட்டும் நுரையின்றி அமைதியாகத் தோன்றினால், அதுவே அந்நீரோட்டத்தின் வாய்க்கால். பழக்கமற்றவர்கள் அமைதியான இடம் என்று அதையே தேடி இறங்குவர்! அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தலாகாது, களைத்து அமிழ்ந்துவிடுவர். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை தளர்ந்தபின் திரும்பவேண்டும். நீந்தவும் இயலாவிடின் மிதந்துகொண்டு கையை உயர்த்திக் கூப்பிடுதலே உயிர் காக்கும். பிள்ளைகளுக்கு இதை விமானத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. பெரிய ஹோட்டல்களின் முன்னுள்ள கரை அந்த ஹோட்டல்களுக்கு உரியதன்று. மெக்சிக்கோவிற் கடற்கரை யாவும் பொதுச் சொத்து. கரைக்குச் செல்லும் வழியை மறிப்போர்க்குத் தண்டம் விதிக்கும் சட்டத் திருத்தம் 2020 இல் வந்தது. சாய்மனைக் கதிரைகள் அவர்களுடையன, மணல் எல்லாருடையது.

கடலினும் எம்மைக் கவர்வன அந்நாட்டுக் கிணறுகள். யுகத்தானின் வடபகுதியில் ஆறு என்பதே இல்லை. நிலம் முழுதும் சுண்ணாம்புக் கல். பெய்யும் மழை கல்லினூடே இறங்கிப் பாதாளக் குகைகளில் ஓடுகின்றது. குகையின் கூரை இடிந்த இடங்களில் வட்டமான நீர்நிலைகள் தோன்றியுள்ளன. இவற்றைச் செனோத்தே என்பர். யாழ்ப்பாணத்தாருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆறில்லாத சுண்ணாம்புத் தரையும், மேலே நன்னீரும் கீழே உவர்நீருமாக நிற்கும் நிலாவரைக் கிணறும் நாம் அறிந்தனவே. அங்கேயும் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. ஆயின் குகைகளின் விரிவு எம் கற்பனைக்கு எட்டாதது. துலும் நகருக்கு அண்மையில் உள்ள சாக் ஆக்தூன் என்னும் நீரடிக் குகைத்தொடர் சுமார் 347 கிலோமீற்றர் நீளமுடையதென்று 2018 இல் அறியப்பட்டது. அத்தொடரைச் சேர்ந்த ஒரு குழியிலே 12,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய இளம் பெண் ஒருத்தியின் எலும்புக்கூட்டை 2007 இல் சுழியோடிகள் கண்டெடுத்தனர்.

மாயா இனத்தவர்க்கு இந்நீர்நிலைகள் மழைத் தெய்வமாகிய சாக்கின் வாயில்கள். இன்றைக்கும் ஊர்களுக்கு நீர் தருவது இதே நிலத்தடி நீர்தான். ஒரு செனோத்தேயிற் கலந்த அழுக்கு அவ்விடத்தோடு நில்லாது, குகை வழியே அடுத்த ஊர்க் கிணற்றுக்கும், முடிவிற் கடலிலுள்ள பவளப் பாறைக்கும் போய்ச் சேரும். ஆதலால் இறங்குமுன் நன்றாகக் குளித்துவிடச் சொல்வார்கள். வெயிற் களிம்பும் நுளம்பெண்ணெயும் பூசிக்கொண்டு இறங்க விடார்கள். இதைக் கெடுபிடி என்று முறுமுறுப்போரும் உளர். நிலத்தடி நீரை நம்பி வாழ்ந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். களிம்புக்குப் பதிலாக நீண்ட கைச்சட்டை அணிவது தோலுக்கும் நீருக்கும் நன்று. ஆழம் அறியவியலாததால் மிதப்புச் சட்டை தரப்படும் இடங்களில் மறாது அணிக. குகைக்குள் மூழ்கிச் செல்வது அதற்கெனப் பயின்றவர்க்கே உரியது.

குழாய்த் தண்ணீரைக் குடித்தலாகாது. போத்தல் நீரையே அருந்துக. பல் துலக்கவும் அதுவே நன்று. உணவு விடயத்தில் எம்மவர் அஞ்ச வேண்டியதில்லை. நாம் எமது சொந்தம் என்று எண்ணும் மிளகாய் மெக்சிக்கோவில் பிறந்தது. அதனைக் கடல் கடந்து ஆசியாவுக்குக் கொணர்ந்தோர் போர்த்துக்கேயர். பப்பாசியும் சப்போட்டாவும் அப்பக்கத்தனவே. ஆயினும் ஹபனேரோ என்னும் சிறு மிளகாயின்முன் வீரம் பேசாதிருத்தல் நலம். சோளமாவில் உள்ளீடு வைத்து மடலிற் சுற்றி அவிக்கும் ஒரு பண்டத்திற்குத் தமால் என்று பெயர். கொழுக்கட்டையின் தூரத்து உறவு போலிருக்கும் அதன் பெயருக்கும் எமது மொழியின் பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது நாவாத்தல் மொழிச் சொல்.

மரக்கறி உணவினர் கவனிக்க: அவரை மசியலிற் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது அங்கே வழக்கம், சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பதும் உண்டு. “கார்னே” என்றால் இறைச்சி என்று அகராதி கூறினும், அச்சொல்லிற் கோழியைச் சேர்த்து எண்ணாத சமையற்காரர் பலர். ஆகையால் “சின் கார்னே, சின் பொய்யோ, சின் மந்தேக்கா” என்று இறைச்சி, கோழி, கொழுப்பு மூன்றையும் தனித்தனியே விலக்கிச் சொல்லவேண்டும்.

சிச்சென் இட்சா கான்கூனிலிருந்து சுமார் 200 கிலோமீற்றர். நான்கு பக்கமும் 91 படிகளும், உச்சியில் ஒன்றுமாக 365 படிகள் கொண்ட அக்கோபுரத்தின் மேல் ஏறுதல் பல ஆண்டுகளாகத் தடுக்கப்பட்டுள்ளது. மத்திய அரசுக்கும் மாநிலத்திற்குமாக இரு கட்டணங்கள் கொடுக்கவேண்டியிருக்கும், திகைக்கவேண்டாம். காலை எட்டு மணிக்கே போய்ச் சேர்வோர் வெயிலுக்கும் சனநெருக்கத்துக்கும் தப்புவர். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கான்கூன் இருக்கும் கிந்தானா ரோ மாநிலம் 2015 இல் தன் மணிக்கூட்டை மாற்றிக்கொண்டது. சிச்சென் இட்சா இருக்கும் யுகத்தான் மாநிலமோ ஒரு மணித்தியாலம் பிந்தியது. போகும்போது ஒரு மணி இலாபம். திரும்பும்போது அது நட்டம். மாலை விமானத்தை நம்பிப் பகலில் அங்கே போவோர் இக்கணக்கை மறவாதிருக்கவேண்டும்.

மின்சாரம் 127 வோல்ற்று. எமது 230 வோல்ற்றுக் கருவிகள் சில இயங்கமாட்டா. கடற்கரை உட்படப் பொது இடங்களிற் புகைத்தல் 2023 முதல் தடை. ஆபத்துக்கு 911, வழியிற் கார் பழுதுற்றால், பச்சைத் தேவதைகள் எனப்படும் அரசாங்க உதவி வண்டிக்கு 078. போதைப்பொருட் கூட்டத்தாரின் பகை அங்கு இல்லாமலில்லை. 2021 ஒக்டோபரில் துலும் நகர உணவகமொன்றில் அவர்களுடைய துப்பாக்கிச் சண்டையில் வெளிநாட்டுப் பெண்கள் இருவர் உயிரிழந்தனர். அப்பொருளை விற்போரிடத்தும் வாங்குவோரிடத்தும் நெருங்காதிருப்பதும், இரவிலே தனி வழிகளைத் தவிர்ப்பதும் போதிய காவல்.

கைப்பட்டி கட்டிக்கொண்டு ஹோட்டல் வாயிலைத் தாண்டாமலே திரும்பிவிடுவோர் பலர். ஒரு மாலையாவது ஆர்-1 அல்லது ஆர்-2 பஸ் வண்டியில் ஏறி, ஹோட்டற் சிப்பந்திகள் குடியிருக்கும் நகர மத்திக்குச் செல்லுங்கள். பலாப்பாஸ் பூங்காவில் அவர்கள் பிள்ளை குட்டிகளோடு காற்று வாங்குவார்கள். அங்கே தள்ளுவண்டிகளில் மார்க்கெசித்தா விற்பார்கள். மெல்லிய மாவை இரும்புத் தட்டிடையில் மொறுமொறுக்கச் சுட்டு, ஒல்லாந்துப் பாற்கட்டியைத் துருவிப் போட்டுச் சுருட்டித் தருவது. உப்பும் இனிப்புமாக இருக்கும். ஆளுக்கு ஒன்று என்று வாங்கினால் வரிசையில் மறுபடியும் நிற்கவேண்டி வரும்.