புரை ஏறாத புரை

மிடறு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. தொண்டையும் மிடறே, ஒரு முறையில் விழுங்கும் நீரின் அளவும் மிடறே. எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கூறும் தொல்காப்பியப் பிறப்பியல், நா, இதழ், அண்ணம் ஆகியவற்றோடு மிடற்றையும் எண்ணுகின்றது. வகுப்பறையில் பேச்சுக்கு உரியனவாக நாம் காட்டும் இவ்வுறுப்புகளே உண்பதற்கும் உரியன. மருத்துவமனைகளில் பேச்சுப் பயிற்சியாளரே விழுங்குதலையும் ஆராய்வதன் காரணம் இதுதான்.

காற்றும் உணவும் தொண்டையில் ஒரே வழியில் வருகின்றன. விழுங்கும்போது மூச்சு ஒரு கணம் நிற்கிறது, குரல்வளை மேலெழுகிறது, அதன் மூடி கவிகிறது, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. பக்கவாதம் கண்டவருக்கு இந்த ஒழுங்கு பிறழக்கூடும். அப்போது நீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நிமோனியாக் காய்ச்சலுக்கு அது வழியாகலாம்.

ஆராய்பவர் எடுத்தவுடன் நீர் கொடுப்பதில்லை. நோயாளி விழிப்புடன் நிமிர்ந்து அமர்கிறாரா, இதழ் மூடுகிறதா, நா இருபுறமும் திரும்புகிறதா, வேண்டும்போது இருமுகிறாரா என்று முதலில் பார்க்கிறார். அண்ணத்தின் பின்புறத்தைத் தொட்டால் குமட்டல் வருகிறதா என்பதை முன்பு பெரிதாகக் கருதினர். நலமாக உண்போர் பலருக்கும் அது வருவதில்லை; ஆதலின் அதைக் கொண்டு முடிவு கட்டுவது தவறு. பின்னர்த் தேக்கரண்டி அளவு நீர் கொடுத்து, குரல்வளை எழுவதை விரல் வைத்து உணர்கிறார். அடுத்து ‘ஆ’ என்று சொல்லச் சொல்கிறார். குரலில் நீர் கொழகொழத்தால் ஐயம் பிறக்கிறது. 1992ல் வெளியான ஒரு சோதனையில் 90 மில்லிலிட்டர் நீரை நிறுத்தாமல் பருகச் செய்வர். பருகும்போதோ அடுத்த ஒரு நிமிடத்திலோ இருமினாலும், குரல் நனைந்து ஒலித்தாலும் மேலும் ஆராய வேண்டும்.

புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நம் வீடுகளில் தலையைத் தட்டுவார்கள். ஆனால் இருமுகின்றவரைக் காட்டிலும் இருமாதவரே அஞ்சத்தக்கவர்! தொண்டையின் உணர்ச்சி மங்கியவருக்கு நீர் தவறான வழியில் இறங்கினாலும் இருமல் வராது. படுக்கையருகே நின்று பார்ப்பவர் இதனை அறிய இயலாது. அதனால்தான் பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரேயில் அசையும் படமாகக் காண்கின்றனர். அமெரிக்க அறிஞர் ஜெரி லோகமன் 1983ல் எழுதிய நூல் இம்முறையைப் பரப்பியது. மூக்கின் வழியே மெல்லிய குழாயை விட்டுத் தொண்டையை நேரே காணும் முறையை 1988ல் சூசன் லாங்மோரும் உடனிருந்தோரும் விளக்கினர். விழுங்கும் அந்தக் கணத்தில் மட்டும் தொண்டைச் சுவர்கள் குழாயின் முனையை மூடிக்கொள்வதால் ஒன்றும் தெரியாது. முன்னும் பின்னும் காண்பதைக் கொண்டே ஊகிக்க வேண்டும்.

பக்கவாதம் கண்டவர் தாகமென்று கேட்கும்போது மறுப்பது எளிதன்று. ஆயினும் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாயில் நீர் வார்ப்பது மூச்சு வழியை அகலத் திறந்துவிடும் செயலாகும். சோதனை முடியும்வரை உதட்டையும் வாயையும் ஈரத்துணியால் துடைக்கலாம். வாயில் நீரோ மாத்திரையோ இடலாகாது.